ஏழாவது நிரல்

நூற்றெழுபத்தைந்தாவது ஆண்டு மலர்.
ஐந்து வரி போதும் என்றார் போதகர்.
நகைக்கடை விளம்பரத்துக்குப் பின்னால்
அவ்வளவுதான் இடமாம்.

வண. அம்புறோஸ் விக்லி. இங்கிலாந்தில் ஏதோ ஒரு மழைக்கிராமம்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பதில் நாவற்குழி வந்தார்.
கிணறு வெட்டினார்; உவர்.
கவிதை எழுதினார்; விலைபோகவில்லை.
ஐம்பத்தாறில் காய்ச்சல்.

ஐந்து வரி முடிந்தது.
எனக்குத்தான் முடியவில்லை.

அலுமாரியின் அடித்தட்டில் அவருடைய நூல், ஒரே பிரதி.
நடுப்பக்கங்களுக்குள் கறையான்
ஒழுங்கை போட்டிருக்கிறது.
தங்கை காசில் லண்டனில் அச்சிட்டது நூற்றிருபது.
தொண்ணூற்றாறு கப்பலில் வந்து சேர்ந்தது,
கூலி அவர் தலையில்.

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன்.
முப்பத்தொரு பாட்டு. முப்பத்தொன்றிலும் பனி பொழிகிறது.
ஏழு வருசம் இங்கே இருந்த மனிசனுக்கு
நடுச்சாமத்தில் பனங்காய் விழுகிற சத்தம்
ஒருநாளாவது கேட்டிராதா?
எதுகைகள் கைகோத்துக்கொண்டு போகின்றன,
ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள்போல,
வியர்க்காமல்.

தமிழில்தான் தடுக்கியிருக்கிறார்.
ஆண்டவரே வழி என்று பிரசங்கிக்கப் போய்
ஆண்டவரே வலி என்றாராம்.
ஒருவரும் சிரிக்கவில்லை,
முன்வரிசைக் கிழவியொருத்தி ஆமென் என்றாள்
என்று நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.
'நாக்கை மடியுங்கோ ஐயா' என்று
ஆறு மாதம் பழக்கினவர் உபதேசியார் சின்னட்டி யோசுவா.
அவர் வாயிலும் அது வளிதான்.
எங்கள் எல்லோர் வாயிலும் அது வளி,
கடல்நீரேரிப் பக்கமிருந்து வருகிற காற்று.

பிறகு மரண இடாப்பை எடுத்தேன். ஐம்பத்துநாலு, வாந்திபேதி.
இலக்கம், திகதி, பெயர், வயது, ஊர், காரணம்:
அச்சடித்த நிரல்கள் ஆறு.
அதற்குப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து
ஏழாவதாக ஒரு கோடு கீறியிருக்கிறார்.
தலைப்பில்லை.

மார்த்தா, முப்பத்தொன்று, கைதடி.
'தண்ணீர் கேட்டாள். வைத்தியர் வேண்டாம் என்றதால் கொடுக்கவில்லை.
கொடுத்திருக்கலாம்.'

பெயர் தெரியாது. நாலு வயதிருக்கும்.
'கையில் நுங்குக் கோம்பை. எடுக்க விடவில்லை.
அதோடுதான் வைத்தோம்.'

இப்படி இருபத்தாறு பக்கம்.
எதுகை இல்லை. பனி இல்லை.
எழுத்து வரவரச் சாய்ந்து
கடைசியில் கோட்டைவிட்டு இறங்கிவிடுகிறது.

சின்னட்டி யோசுவா, நாற்பது, நாவற்குழி.
'இனி எனக்கு வலி காட்ட ஆளில்லை.'

ல. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வெயிலில் பிடித்தும் பார்த்தேன்.
ல தான்.

நாலாம் தொகுதியில் என்னுடைய கையெழுத்தும் கிடக்கிறது.
தொண்ணூற்றைந்து ஐப்பசி. மழை.
பாலம் முழுக்கச் சனம், சைக்கிள், பாய், ஆடு.
அந்த இரவு கோயில் வளவுக்குள் தாழ்த்தவர்களை
ஆறு நிரலிலும் ஒழுங்காக எழுதினேன்.
காரணம்: இடப்பெயர்வு.
காரணம்: மேற்படி.
காரணம்: மேற்படி.
அடிமட்டம் மேசையில்தான் இருந்தது.

ஐம்பத்தாறாம் ஆண்டுப் பக்கத்தில்
விக்லியின் பெயருக்கு நேரே ஏழாவது நிரல் வெறுமை.
புதிதாய் வந்த ஆள் எழுதியிருப்பார்,
அவருக்கு அந்தக் கோடு என்னத்துக்கென்று விளங்கியிராது.

மலருக்கு ஆறாவது வரி ஒன்று அனுப்பினேன்,
அந்த உபதேசியாருக்கு எழுதினதை, எழுதினபடி.

நேற்று அச்சகத்துப் பெடியன் போன் எடுத்தான்.
'அக்கா, ஒரு எழுத்துப்பிழை. ழ போட்டிட்டன்.'

'ஓம் தம்பி, பிழைதான்.
திருப்பி ல வைச்சுவிடும்.'